நீதி கேட்டு வந்தவன்: 'த கோட்ஃபாதர்' திரைப்படத்தின் தொடக்கக் காட்சி – ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்று மாணவன் ஆவணங்களைத் தேடுபவன். கல்வெட்டும் செப்பேடும், நீதிமன்றப் பதிவேடும், குடிசனமதிப்பு அறிக்கையும் அவனுக்கு ஆதாரங்களாகின்றன. ஆயின் திரைப்படத்தை அவ்வரிசையில் வைத்தெண்ணுவதற்கு நம்மிற் பலர் இன்னும் தயங்குகின்றனர். கற்பனை என்றும், களியாட்டம் என்றும், பணம் திரட்டும் முயற்சி என்றும் அது ஒதுக்கப்படுவதுண்டு. இவ்வெண்ணத்திற்கான மறுப்பு நெடுங்காலத்துக்கு முன்னரே எழுந்துவிட்டது. சீக்ஃபிரீட் கிராக்கவர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியில் தோன்றிய படங்களைக் கொண்டு, ஹிட்லரின் எழுச்சிக்கு முந்திய அச்சமூகத்தின் மனநிலையை விளக்க முயன்றார். எம்மிடையே பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981 இல் எழுதிய நூல், தமிழ்த் திரைப்படத்தை அரசியல் தொடர்பாடலின் ஊடகமாகக் கொண்டு ஆராய்ந்தது.

எனினும் இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் படத்தின் கதையையே ஆதாரமாகக் கொள்கின்றன. கமெரா எங்கே வைக்கப்பட்டது, ஒளி எங்கிருந்து வீழ்ந்தது, எந்தக் குரல் கேட்கப்படாது விடப்பட்டது என்பன கலை விமரிசகருக்கு உரிய வினாக்கள் எனக் கருதப்படுகின்றன. உத்தியும் வரலாற்றுச் சான்றே என்பதும், சில வேளைகளிற் கதை சொல்ல மறுப்பதை உத்தியே வெளிப்படுத்திவிடுகின்றது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவுதற்கு, பாதாள உலகத்தைப் பொருளாகக் கொண்ட படங்களுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்றின் தொடக்கக் காட்சி மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவின் நெறியாள்கையில் 1972 மார்ச்சில் அமெரிக்காவில் வெளிவந்த 'த கோட்ஃபாதர்' என்பதே அப்படமாகும்.

முன்னோடிகள்

பாதாள உலகப் படம் என்னும் வகை ஹொலிவூட்டில் நிலைபெற்றது 1930 களின் தொடக்கத்திலாகும். 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்து 1933 டிசெம்பரில் நீக்கப்பட்ட மதுவிலக்கு, சட்டத்துக்குப் புறம்பான வாணிபத்தையும் அதனை நடத்திய கோஷ்டிகளையும் பெருநகரங்களில் வளர்த்தது. 1929 இன் பொருளாதார வீழ்ச்சி, நேரிய உழைப்பால் உயரலாம் என்ற நம்பிக்கையை உலுக்கியது. 'லிட்டில் சீசர்' (1931), 'த பப்ளிக் எனிமி' (1931), 'ஸ்கார்ஃபேஸ்' (1932) ஆகிய மூன்று படங்களும் இச்சூழலின் விளைபொருள்களே.

இவற்றுள் ஹவார்ட் ஹோக்ஸ் நெறிப்படுத்திய 'ஸ்கார்ஃபேஸ்' படத்தின் தொடக்கம் இங்கு ஒப்பு நோக்கத்தக்கது. விடியற்காலை, தெருவிளக்கு அணைகின்றது, கமெரா மெல்லக் கீழிறங்கி ஓர் உணவகத்தினுட் செல்கின்றது. முன்னிரவின் களியாட்டத்தில் எறியப்பட்ட வண்ணத்தாள்களைப் பணியாள் ஒருவன் கூட்டிக்கொண்டிருக்கின்றான். தன் செல்வத்தை எண்ணி மனநிறைவுடன் பேசும் கோஷ்டித் தலைவன் ஒருவன் நண்பர்களை வழியனுப்பிவிட்டுத் தொலைபேசியை நாடிச் செல்கின்றான். அப்போது சீழ்க்கையொலியுடன் ஒரு நிழல் தோன்றுகின்றது, வெடி தீர்கின்றது, கொன்றவனின் முகம் தெரியவில்லை. இவையனைத்தும் ஏறத்தாழ 3 நிமிடங்கள் நீளும் ஒரே ஷொட்டாக நமக்குக் காட்டப்படுகின்றன. 1920 மே 11 ஆம் திகதி சிக்காகோவில் ஜேம்ஸ் கொலொசிமோ என்பவர் தமது உணவகத்திற் சுட்டுக்கொல்லப்பட்ட நிகழ்ச்சியை இக்காட்சி நினைவூட்டுகின்றது.

இப்படத்தின் முன்னே எழுத்துக்களாலான ஓர் அறிவிப்பு உண்டு. கோஷ்டிகளின் ஆட்சியையும் அதனைக் கண்டும் காணாதிருக்கும் அரசாங்கத்தையும் அது கண்டிக்கின்றது. பார்வையாளரை நோக்கி, நீங்கள் என்ன செய்யப்போகின்றீர்கள் என்று வினவுகின்றது. தணிக்கையாளரின் நெருக்குதல் நிறைந்த சூழலில் எழுந்தது இவ்வறிவிப்பு. ஆகவே 1932 இன் பார்வையாளர் ஒரு குடிமகனாக விளிக்கப்பட்டார். குற்றம் திரையில் நிகழ்ந்தது. அதனைத் தடுக்கும் கடமை திரைக்கு இப்பாலிருந்தவர் மீது சுமத்தப்பட்டது. நிழலாக வந்தவன் அந்நியன். அவனுடைய பக்கத்தில் நாம் நிறுத்தப்படவில்லை.

40 ஆண்டுகளின் பின் வந்த 'த கோட்ஃபாதர்' இவ்வுறவை முற்றாக மாற்றியமைத்தது. அதன் தொடக்கத்தில் அறிவிப்பில்லை, கொலையில்லை, துப்பாக்கியுமில்லை. ஒரு முறைப்பாடு மட்டுமே உண்டு.

ஒரு முகமும் ஓர் அறையும்

திரை கறுத்திருக்கின்றது. நீனோ ரோட்டாவின் இசையில் தனித்தொலிக்கும் எக்காளம் ஓய்ந்தபின், உருவம் தோன்றுமுன்னரே ஒரு குரல் எழுகின்றது. அமெரிக்காவில் தனக்குள்ள நம்பிக்கையை அக்குரல் அறிவிக்கின்றது. பின்னரே இருளினுள் ஒரு முகம் தெரிகின்றது. அது அமெரிகோ பொனசேரா என்னும் மலர்ச்சாலை உரிமையாளரின் முகம். அமெரிக்கா தன்னைச் செல்வனாக்கியது என்றும், தன் மகளை அமெரிக்க முறைப்படி வளர்த்ததாகவும் அவர் கூறுகின்றார். அம்மகளை அவளுடைய ஆண் நண்பனும் இன்னொருவனும் மதுவருந்தச் செய்து கெடுக்க முயன்றனர். அவள் எதிர்த்தபோது முகம் சிதைய அடித்தனர். நல்ல அமெரிக்கனைப் போல் தாம் பொலிசாரிடம் சென்றதாகப் பொனசேரா சொல்கின்றார். நீதிபதி 3 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்து, அதனை ஒத்திவைத்துவிட்டார். குற்றவாளிகள் அன்றே விடுதலையாயினர்; நீதிமன்றத்தில் நின்ற தந்தையைப் பார்த்து நகைத்தனர்.

இம்முறைப்பாடு தொடர்கையில், காட்சியின் பரப்பு மிக மெதுவாக விரிகின்றது. முகம் மட்டும் நிறைந்திருந்த சட்டகத்தில் தோளும், பின் கைகளும், பின் இருண்ட அறையின் சில பகுதிகளும் இடம்பெறுகின்றன. இவ்விரிவு ஏறத்தாழ 3 நிமிடங்கள் நீடிக்கின்றது. வேகம் கணினியாற் கட்டுப்படுத்தப்பட்ட சூம் வில்லையொன்றின் துணையால் இது இயன்றது. மனிதக் கையால் இத்தனை நேரம் இவ்வளவு சீராக வில்லையை இயக்குதல் அரிது.

இங்கு சூம் வில்லைக்கும் கமெராவின் பெயர்ச்சிக்குமுள்ள வேறுபாட்டை மனங்கொள்ளுதல் அவசியமாகும். கமெராவையே தண்டவாளத்தின் மீது பின்னோக்கி நகர்த்தினால் நாம் நடந்து விலகுவது போன்ற உணர்வு உண்டாகும். அருகிலுள்ள பொருளும் தூரத்துப் பொருளும் வெவ்வேறு வேகத்தில் இடம்மாறித் தோன்றும். சூம் வில்லையிலோ கமெரா இருந்த இடத்திலேயே இருக்கின்றது. பார்வையின் கோணம் மட்டுமே அகலுகின்றது. 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் கமெரா தெருவிலிருந்து உள்ளே நடந்து வந்தது. வெளியிலிருந்து வந்த சாட்சியாக நாம் அதனுடன் சென்றோம். 'த கோட்ஃபாதர்' படத்தில் நாம் எங்கும் செல்லவில்லை. தொடக்கத்திலிருந்தே அவ்வறையில் அமர்ந்திருக்கின்றோம். எங்கே அமர்ந்திருக்கின்றோம் என்பதுதான் சிறிது சிறிதாகத் தெரியவருகின்றது.

முதலிற் பொனசேரா நம்மை நோக்கியே பேசுவதாகத் தோன்றுகின்றது. அவர் முறைப்பாட்டாளர், நாம் நீதிபதிகள். மகளின் துயரைக் கேட்டு நாம் மனத்துள் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றோம். அந்நேரத்தில், சட்டகத்தின் முன்புறத்தில் மங்கலாக ஒரு மனிதரின் தலையும் தோளும் தென்படுகின்றன. அழுதுகொண்டிருப்பவருக்குக் குடிக்க ஏதேனும் கொடுக்கும்படி ஒரு கை சைகை செய்கின்றது, உடனே கொடுக்கப்படுகின்றது. ஆணையிட அக்கைக்குச் சொல் வேண்டியிருக்கவில்லை. நாம் அமர்ந்திருந்தது நீதிமன்றத்திலன்று. டொன் விற்றோ கொர்லியோனேயின் முதுகின் பின்னால் என்பதை அப்பொழுதே உணர்கின்றோம். நாம் வழங்கிய தீர்ப்பு அவருடைய தீர்ப்பாகிவிட்டது. நம் ஒப்புதல் கேட்கப்படாமலே பெறப்பட்டுவிட்டது.

இந்த உத்தியின் அரசியற் பொருளை உணர்வதற்கு, மாரியோ பூசோ 1969 இல் வெளியிட்ட மூலநாவலோடு ஒப்பிடுதல் பயன்தரும். நாவல் நியூயோர்க் நகர நீதிமன்றமொன்றில், தீர்ப்புக்காகக் காத்திருக்கும் பொனசேராவுடன் தொடங்குகின்றது. திரைப்படம் நீதிமன்றத்தைக் காட்டவேயில்லை. நீதிபதிக்கு முகமில்லை, குற்றவாளிகளின் தரப்புக்குக் குரலில்லை. அரசின் நீதி, தோல்வியுற்றவனொருவனின் வாய்மொழியாக மட்டுமே படத்தினுள் இடம்பெறுகின்றது. கொப்போலா தம் முதற்பிரதியைத் திருமண விழாவுடன் தொடங்கியிருந்ததாகவும், 1970 இல் வெளிவந்த 'பற்றன்' படத்தின் தொடக்கச் சொற்பொழிவைப் போன்றதொன்றை அமைக்குமாறு நண்பரொருவர் கூறியதன்பின் மாற்றியதாகவும் பின்னர் குறிப்பிட்டுள்ளார். 'பற்றன்' படத்தின் திரைக்கதையை எழுதியவர்களுள் கொப்போலாவும் ஒருவர். அங்கு மாபெரும் அமெரிக்கக் கொடியின் முன் நின்று தளபதி ஒருவர் முழங்கினார். இங்கு நாட்டின் மீதுள்ள பற்று இருளிலிருந்து இரந்து நிற்கின்றது.

ஒளியின் ஒழுங்கு

ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் இவ்வறைக்கு வகுத்த ஒளியமைப்பு அக்காலத்து ஹொலிவூட் மரபுக்கு மாறானது. நடிகரின் கண்கள் தெளிவாகத் தெரியவேண்டும் என்பது அங்கு எழுதாத சட்டம். வில்லிஸோ ஒளியைத் தலைக்கு மேலிருந்து பொழியவிட்டார். அதனால் நெற்றியும் கன்னமும் ஒளிபெற, கண்குழிகள் நிழலில் ஆழ்ந்தன. மார்லன் பிராண்டோவை முதியவராக்கிய ஒப்பனைக்கு இவ்வொளி பொருத்தமாயிருந்தது என்பது தொழில்முறைக் காரணம். ஆயின் அதன் விளைவு ஒப்பனையோடு நின்றுவிடவில்லை. டொன் என்ன நினைக்கின்றார் என்பதைக் கண்களைக் கொண்டு அறியமுடியாத நிலை பார்வையாளருக்கு ஏற்படுகின்றது. பொனசேராவின் முகம் யாவற்றையும் வெளிப்படுத்துகின்றது. டொனின் முகம் எதனையும் வெளிப்படுத்துவதில்லை. அதிகாரமுடையோன் பிறரைக் காண்பான். தான் காணப்படான் என்னும் உறவு இங்கு ஒளியாலேயே எழுதப்பட்டுள்ளது.

அறையினுள் கடும் இருளும் பழுப்பு கலந்த மஞ்சள் ஒளியும் நிலவ, அதனைத் தொடர்ந்து வரும் தோட்டத்துத் திருமணக் காட்சி வெயிலில் மிதக்கின்றது. டொனின் மகளுடைய திருமணம் அது. 1945 ஆம் ஆண்டின் கோடைப் பிற்பகுதி, போர் முடிந்துவிட்டது, இளைய மகன் மைக்கல் படைச் சீருடையில் வருகின்றான். உள்ளே தண்டனை ஒழுங்கு செய்யப்படுகையில் வெளியே குடும்பப் புகைப்படம் எடுக்க ஆயத்தம் செய்யப்படுகின்றது. இருட்டறையும் ஒளித்தோட்டமும் ஒரே வீட்டின் இரு பகுதிகள். அரசோ வாயிலுக்கு வெளியே நின்று, விருந்தினரின் வாகன இலக்கங்களைக் குறித்துக்கொண்டிருக்கின்றது. முதலிற் சொல்லாக மட்டும் வந்த அரசு, இங்கு உருப்பெறும்போதும் வீட்டினுள் நுழைய இயலாததாகவே காட்டப்படுகின்றது.

கேளாத சொல்

ஒலியமைப்பிலும் இதே ஒழுங்கைக் காணலாம். பொனசேரா தன் கோரிக்கையை உரத்துச் சொல்வதில்லை. எழுந்து வந்து டொனின் காதில் மெல்லக் கூறுகின்றார். அச்சொற்கள் நமக்குக் கேட்பதில்லை. அவ்விளைஞரைக் கொன்றுவிடுமாறு அவர் கேட்டார் என்பதைப் பின்வரும் உரையாடல் கொண்டு உய்த்துணர்கின்றோம். அந்த இரகசியத்தின் பின்னரே கமெரா மறுபுறம் திரும்பி, டொனின் முகத்தை முதன்முறையாகக் காட்டுகின்றது. அவ்வாறு தோன்றும் முகம் மறுப்பொன்றையே கூறுகின்றது. இவ்வரிசை மிகவும் நுட்பமானது. கொலையைக் கேட்டவர் சட்டத்தை மதித்து வாழ்ந்த குடிமகன். கொலையை மறுத்தவர் குற்றக் கோஷ்டியின் தலைவர். உன் மகள் உயிரோடிருக்கின்றாள், ஆகவே உயிருக்கு உயிர் நீதியாகாது என்பது அவருடைய நியாயம். குற்றத்துக்கு ஏற்ற அளவிலேயே தண்டனை அமையவேண்டும் என்னும் நீதிக்கோட்பாட்டை இப்படத்தில் முதலில் எடுத்துரைப்பவர் அவரே.

அவர் மடியில் ஒரு பூனை விளையாடிக்கொண்டிருக்கின்றது. படப்பிடிப்பு நிலையத்தில் அலைந்து திரிந்த பூனையைத் தாமே பிராண்டோவின் கையிற் கொடுத்ததாக நெறியாளர் கூறியுள்ளார். தற்செயலாக வந்த அப்பூனை ஒரு குறியீட்டின் பணியைச் செய்கின்றது. இளைஞர் இருவரின் கதியைத் தீர்மானிக்கும் கை, அதே வேளையில் ஒரு பூனையைத் தடவுகின்றது. வன்முறை திரையிற் காட்டப்படாமலே, அது எவ்வளவு இயல்பானதாகிவிட்டது என்பது உணர்த்தப்படுகின்றது.

நன்கொடையும் கடனும்

பொனசேரா எவ்வளவு பணம் தரவேண்டுமென்று கேட்கின்றார். அக்கேள்வியே டொனைப் புண்படுத்துகின்றது. என் மனைவி உன் மகளுக்கு ஞானத்தாயாக இருந்தும் நீ என்னை ஒரு கோப்பி அருந்தக்கூட அழைத்ததில்லை. பொலிசார் காத்தனர், நீதிமன்றங்கள் இருந்தன, என் போன்ற நண்பன் உனக்குத் தேவைப்படவில்லை என்னும் கருத்துப்பட அவர் பேசுகின்றார். இறுதியிற் பொனசேரா தலைவணங்கி, டொனை ஞானத்தந்தை என விளித்து, அவருடைய கையை முத்தமிடுகின்றார். அதன் பின்னரே உதவி உறுதி செய்யப்படுகின்றது. என்றோ ஒரு நாள் நான் உன்னிடம் ஒரு பணி கேட்கலாம், அந்நாள் வராமலும் போகலாம், அதுவரை இதனை என் மகளின் திருமண நாள் நன்கொடையாக ஏற்றுக்கொள் என்கின்றார் டொன்.

விலை மறுக்கப்பட்டு, நன்கொடை வழங்கப்படும் இவ்விடத்தில் இரு சமூக அமைப்புகள் மோதுகின்றன. பணம் கொடுத்தால் உறவு முடிந்துவிடும். நன்கொடை பெற்றால் உறவு தொடங்கும். முன்னையது சந்தையின் நியதி. பின்னையது நிலமானிய உறவின் நியதி. இதன் வேரைச் சிசிலியில் தேடவேண்டும். அங்கு நிலமானிய முறை 1812 இற் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. 1860 இல் அத்தீவு ஒன்றுபட்ட இத்தாலியுடன் இணைக்கப்பட்டது. ஆயின் புதிய அரசின் சட்டம் கிராமங்களுக்குள் வேரூன்றவில்லை. 1876 இல் அங்கு சென்று ஆராய்ந்த லியொபோல்டோ ஃபிரங்கெற்றி, வன்செயலையே ஒரு கைத்தொழிலாக நடத்தும் பிரிவினரைக் கண்டு எழுதினார். எரிக் ஹொப்ஸ்போம் 1959 இல் வெளியிட்ட நூலில் மாஃபியாவை அரசு வலுவிழந்த சமூகத்தின் அமைப்பாக நோக்கினார். டியேகோ கம்பெற்றா 1993 இல் அதனைப் பாதுகாப்பை விற்கும் தனியார் தொழிலாக வரையறுத்தார். 1880 க்கும் 1924 க்கும் இடையில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் மிகச் சிறுபான்மையினரே குற்றவாழ்வை நாடினர் என்பது வலியுறுத்தப்பட வேண்டியது. எனினும் மொழியறியாதோருக்கும் அரசை நம்பாதோருக்கும் இடைத்தரகராக நிற்போர் தேவைப்பட்ட சூழல் புதிய நாட்டிலும் நிலவியது.

டொன் குறிப்பிட்ட அந்நாள் படத்தில் வந்துசேர்கின்றது. மூத்த மகன் சன்னி குண்டுகளாற் சிதைக்கப்பட்டபோது, அவனுடைய தாய் காணத்தக்கவாறு உடலைச் செம்மைப்படுத்தும்படி டொன் பொனசேராவிடம் கேட்கின்றார். மகளின் சிதைந்த முகத்துக்காக நீதி கேட்டவர், மகனின் சிதைந்த உடலுக்காகத் தம் தொழிற்றிறனைக் கொடுத்துக் கடனைத் தீர்க்கின்றார். தொடக்கக் காட்சியின் நன்கொடை உண்மையில் என்னவென்பது இங்கே தெளிவாகின்றது.

காட்சி மறைத்தவை

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, அரசு தவறிய இடத்திற் டொன் நீதி வழங்கினார் என்று முடிவுசெய்தால், உத்தியின் வலையில் நாமும் வீழ்ந்தவராவோம். இக்காட்சி மறைப்பவை இரண்டு உண்டு.

முதலாவது, நீதிமன்றத்துக்கும் டொனுக்குமுள்ள தொடர்பு. தொடக்கத்தில் இவை இரண்டும் எதிரெதிரானவை போற் காட்டப்படுகின்றன. ஆயின் படம் வளர்கையில், நியூயோர்க்கின் நீதிபதிகளும் அரசியல்வாதிகளும் கொர்லியோனேயின் கைக்குள் இருப்பது வெளிப்படுகின்றது. போதைப்பொருள் வாணிபத்துக்கு அவருடைய பங்கு கோரப்படுவதும், பிற குடும்பங்கள் அவர்மீது பொறாமை கொள்வதும் இதன் பொருட்டே. நீதியை விலைக்கு வாங்கக்கூடியதாக ஆக்கியோருள் டொனும் ஒருவர். பொனசேராவின் மகளுக்குத் தீர்ப்பளித்த நீதிபதி அவருடைய ஆளென்று படம் கூறவில்லை. எனினும் நீதிமன்றத்தை உள்ளிருந்து அரிக்கும் ஒருவரே, நீதிமன்றம் அரிக்கப்பட்டதென முறையிடுவோருக்குப் புகலிடமாகின்றார். நோயையும் மருந்தையும் ஒரே கடை விற்கின்றது. சூம் வில்லையின் மெதுவான விரிவு அறை முழுவதையும் காட்டியபோதும் இவ்வுண்மையைக் காட்டவில்லை.

இரண்டாவது, பெண்களின் குரல். இக்காட்சியின் மையத்தில் இரு மகள்மார் உளர். ஒருத்தி மருத்துவமனையில், மற்றவள் மணக்கோலத்தில். இருவரும் அவ்வறையில் இல்லை, இருவரும் பேசுவதில்லை. ஒருத்தியின் துயர் தந்தையின் மானமாகவும், மற்றவளின் திருமணம் தந்தையின் தாராளமாகவும் மாற்றப்படுகின்றன. தாக்கப்பட்ட பெண் என்ன விரும்பினாள் என்பதை எவரும் கேட்கவில்லை. ஆண்களிடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவள் ஒரு காரணம் மட்டுமே. படத்தின் இறுதியில், தந்தையின் இடத்தில் அமர்ந்த மைக்கலின் கையை ஆடவர் முத்தமிட, அவனுடைய மனைவி கேயின் முகத்தின் முன்னே கதவு மூடப்படுகின்றது. முதற் காட்சியில் இல்லாதிருந்த பெண், கடைசிக் காட்சியில் வெளியே நிறுத்தப்படுகின்றாள். இந்த இயைபு, கொப்போலா தாம் காட்டிய உலகை முற்றாக ஏற்றுக்கொண்டவரல்லர் என்பதற்குச் சான்றாகும்.

1945 உம் 1972 உம்

வரலாற்றுப் படமொன்று இரு காலங்களின் ஆவணமாகும். கதை நிகழும் காலம் ஒன்று, படம் எடுக்கப்பட்ட காலம் மற்றொன்று. 1945 அமெரிக்காவின் வெற்றி ஆண்டு. 1972 இல் அந்நாடு வியட்நாம் போரில் ஆழ்ந்திருந்தது. 1970 மே மாதம் ஒஹையோவின் கென்ற் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர் நால்வர் தேசியக் காவற்படையினராற் சுட்டுக்கொல்லப்பட்டனர். வியட்நாம் போரைப் பற்றி அரசு மக்களுக்கு மறைத்தவற்றை 1971 இல் வெளியான பாதுகாப்புத் திணைக்கள ஆவணங்கள் அம்பலப்படுத்தின. படம் வெளிவந்து 3 மாதங்களின் பின், 1972 ஜூன் 17 ஆம் திகதி, வோட்டர்கேட் கட்டடத்தில் அத்துமீறி நுழைந்தோர் கைதாயினர். நாட்டின் மீதுள்ள நம்பிக்கையை இருளில் ஒரு குரல் அறிவிக்க, அந்நம்பிக்கை பொய்த்த கதை தொடர்ந்ததை அன்றைய பார்வையாளர் 1945 இன் செய்தியாக மட்டும் கேட்டிருக்க மாட்டார்.

தணிக்கை விதிகளின் மாற்றமும் இங்கு கருதத்தக்கது. 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹொலிவூட்டின் ஒழுக்க விதிகள், குற்றத்தின்பால் பார்வையாளருக்கு அனுதாபம் உண்டாகாவண்ணம் படம் அமையவேண்டும் என்றன. 1968 இல் அவை கைவிடப்பட்டு, படங்களைப் பார்வையாளரின் வயதுக்கேற்ப வகைப்படுத்தும் முறை வந்தது. 1932 இன் பார்வையாளரைக் குடிமகனாக விளித்த அறிவிப்பு 1972 இல் தேவைப்படவில்லை. அவரை டொனின் முதுகுப்புறத்தில் அமர்த்தும் சுதந்திரம் கமெராவுக்குக் கிடைத்தது அவ்வாறே.

இம்மரபு அமெரிக்காவோடு நின்றுவிடவில்லை. 'த கோட்ஃபாதர்' படத்தின் செல்வாக்கைத் தெளிவாகக் காட்டும் மணிரத்தினத்தின் 'நாயகன்' 1987 இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்திற் பொலிசார் சிறுவன் ஒருவனை ஏமாற்றி, தொழிற்சங்கத் தலைவரான அவன் தந்தையின் இருப்பிடத்தை அறிந்து அவரைக் கொல்கின்றனர். சிறுவன் பொலிஸ் அதிகாரியைக் குத்திக் கொன்றுவிட்டுப் பம்பாய்க்கு ஓடுகின்றான். 'ஸ்கார்ஃபேஸ்' படத்தில் அரசு கண்டும் காணாதது. 'த கோட்ஃபாதர்' படத்தில் அரசு நீதி தவறியது. 'நாயகன்' படத்தில் அரசே கொலையாளி. மூன்று தொடக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கின், பாதாள உலகத் தலைவனின் வரலாறு அரசு பற்றிய மக்களது நம்பிக்கையின் வரலாறாகவும் இருப்பதைக் காணலாம்.

நீதிமன்றத்தில் நீதி கிடைக்காதபோது மனிதன் எங்கே செல்வான் என்பது கற்பனை வினாவன்று. சட்டத்தின் கதவு மூடப்பட்ட சமூகங்களிலெல்லாம், இன்னொரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் காத்திருக்கின்றார். அவர் முறைப்பாட்டைப் பொறுமையாகக் கேட்பார், குடிக்கக் கொடுப்பார், விலை கேட்க மாட்டார். அவருடைய அறையில் நாம் அமர்ந்திருக்கும் இடத்தை உரிய காலத்தில் அறிந்துகொள்வதே முக்கியமாகும். கொப்போலாவின் கமெரா அதனை நமக்கு 3 நிமிடங்களிற் காட்டியது. சமூகங்களுக்கு அதனை அறியத் தலைமுறைகள் செல்கின்றன. அறியும்போது கடன் வளர்ந்துவிடுகின்றது. அவ்வறைக்கு வழிவகுத்தது நீதிமன்றத்தின் தோல்வி. ஆதலின் அவ்வறையைக் கண்டிப்பதோடு நின்றுவிடாது, நீதிமன்றம் எவ்வாறு தோற்றது, யாராற் தோற்கடிக்கப்பட்டது என்று வினவுவதே வரலாற்று மாணவனின் கடமையாகும்.